வீட்டுத் தச்சுப் பட்டறை: கருவிகளும் மரத்தூசியும் – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை ஒன்றை ஓய்வுநேரத் தச்சு வேலைக்காக ஒதுக்கியிருக்கிறேன். புத்தக அலமாரி, முக்காலி, சிறு மேசை போன்றவற்றைச் செய்ய எண்ணம். முதலில் டேபிள் சா (மேசைக்கு நடுவே வட்ட ரம்பம் சுழலும் இயந்திரம்) வாங்க வேண்டும், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான் என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். எதிலிருந்து தொடங்குவது?

பதில்: டேபிள் சா நல்ல இயந்திரம்தான், ஆனால் உங்கள் அறைக்கு அது முதல் இயந்திரம் ஆகாது. எட்டடிப் பலகையை அதில் நீளவாக்கில் அறுக்க வேண்டுமானால், பிளேடுக்கு முன்னால் எட்டடியும் பின்னால் எட்டடியும் காலியாக இருக்க வேண்டும். பன்னிரண்டடி அறையில் அந்த இடம் கிடைக்காது. கதவைத் திறந்துவைத்துப் பலகையின் முனையை வெளியே நீட்டித்தான் சமாளிக்க வேண்டியிருக்கும். முழுப் பிளைவுட் பலகையை ஒற்றை ஆளாகத் தூக்கி மேசைமேல் வைத்து, கோணாமல் தள்ளுவது அதைவிடச் சிரமம்.

சிறிய அறைக்குப் பொருந்துவது, பலகை அசையாமல் கிடக்க அறுக்கும் கருவி அதன்மேல் ஓடும் முறைதான். ஆகவே, கையில் பிடித்து அறுக்கும் சர்குலர் சா ஒன்றையும், அது விலகாமல் ஓட நேரான அலுமினியச் சட்டம் ஒன்றையும் முதலில் வாங்குங்கள். கெட்டியான நுரைப் பலகையைத் தரையில் விரித்து, அதன்மேல் பிளைவுட்டைக் கிடத்தி, பிளேடு பலகையின் அடிப்பரப்பைத் தாண்டி 3 மில்லிமீட்டர் மட்டும் இறங்கும்படி ஆழத்தை அமைத்துக்கொண்டால், வெட்டு சுத்தமாக வரும். துண்டு இரண்டும் கீழே தாங்கப்பட்டிருப்பதால் முடிவில் பிளந்து விழவும் செய்யாது.

அடுத்தது டிரில். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை; நடுத்தர அளவில் எதை வாங்கினாலும் வீட்டு வேலைக்குப் போதும். மூன்றாவதாகப் பலரும் சாண்டரை, அதாவது உப்புத்தாளால் தேய்க்கும் இயந்திரத்தை, வாங்குவார்கள். நான் அந்த இடத்தில் தூசியை உறிஞ்சும் வேக்குவத்தை வைப்பேன். உப்புத்தாள் தேய்ப்பில் வரும் தூசிதான் பட்டறையிலேயே மிக நுண்ணியது. அதைப் பிடிக்க வழியில்லாமல் சாண்டரை மட்டும் வாங்குவது, கருவியின் பாதியை மட்டும் வாங்குவதாகும். வேக்குவம் வந்த பிறகு ஆர்பிட்டல் சாண்டர், அதன் பிறகு மரத்தில் பள்ளமும் ஓர வடிவமும் குடையும் ரவுட்டர் என்று போகலாம். கருவி ஒவ்வொன்றுக்கும் நீங்கள் மனத்தில் போடும் விலைக்கணக்கில், அதன் தூசியைப் பிடிக்கும் செலவையும் சேர்த்தே போடுங்கள். அப்படிப் போட்டால் சில 'மலிவான' கருவிகள் மலிவாகத் தெரியமாட்டா.

கடையில் கருவியைக் கையில் எடுத்ததும் குதிரைத்திறனைப் பார்ப்பதற்கு முன்னால் அதன் தூசி வாயைப் பாருங்கள். வளைவாக அறுக்க உதவும் ஜிக்ஸாக்களில் சிலவற்றுக்கு அது கிடையவே கிடையாது. சில சர்குலர் சாக்களில் இருக்கும், ஆனால் பக்கவாட்டில் குறுகலாக, சட்டத்தோடு இடிக்கும்படி இருக்கும். வாயின் விட்டம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆகவே உங்கள் வேக்குவத்தின் குழாய் முனையைப் பையில் போட்டுக்கொண்டு போய், கடையிலேயே செருகிப் பார்த்துவிடுவது நல்லது. பொருந்தாவிட்டால் ரப்பர் இணைப்பு ஒன்று தேவைப்படும். அதற்காகக் கருவியையே ஒதுக்க வேண்டியதில்லை.

மரத்தை இழைக்க இயந்திரம் வேண்டாமா என்றும் நீங்கள் கேட்கக்கூடும். முக்காலி அளவுள்ள வேலைக்கு இழைப்புளியே போதும் என்பது என் எண்ணம். இழைப்புளி மரத்தைச் சுருளாகச் சீவுகிறது. சுருள் காலடியில் விழுமே தவிர மூச்சில் ஏறாது. நன்றாகத் தீட்டிய இழைப்புளி விட்டுச்செல்லும் பரப்பில் உப்புத்தாளுக்கும் வேலை குறைவு.

கேள்வி: ஒரு வேக்குவத்தின் அட்டைப்பெட்டியில் '6 குதிரைத்திறன்' என்று போட்டிருக்கிறார்கள். பேட்டரி டிரில் ஒன்றில் 18 வோல்ட் என்றும் இன்னொன்றில் 20 வோல்ட் என்றும் இருக்கிறது. எதை நம்புவது?

பதில்: ஒரு குதிரைத்திறன் 746 வாட். ஆறு குதிரைத்திறன் என்றால் 4,476 வாட். 120 வோல்ட் மின்சாரம் உள்ள நாடுகளில் 15 ஆம்பியர் பிளக்கிலிருந்து அதிகபட்சம் 1,800 வாட்தான் எடுக்க முடியும். 230 வோல்ட் உள்ள இடங்களில் 13 ஆம்பியர் பிளக் 3,000 வாட்டைக்கூட எட்டாது. ஆக, சுவரில் செருகும் எந்த வீட்டு வேக்குவமும் ஆறு குதிரையின் வேலையைச் செய்ய முடியாது. மோட்டாரை ஆய்வுக்கூடத்தில் கணநேரம் எல்லைவரை உந்தி அளந்த எண்ணைத்தான் பெட்டியில் அச்சிடுகிறார்கள். கருவியின் உடலில் ஒட்டியிருக்கும் தகட்டில் எழுதியுள்ள ஆம்பியர் அல்லது வாட் மட்டுமே நம்பத் தகுந்தது. அதுவும் உள்ளே இழுக்கும் மின்சாரத்தின் அளவு என்பதையும், வெளியே கிடைக்கும் உழைப்பு அதைவிடக் குறைவு என்பதையும் நினைவில் வையுங்கள்.

பேட்டரிக் கணக்கு இன்னும் எளிது. இரண்டிலும் உள்ளே இருப்பவை தொடராக இணைத்த ஐந்து லித்தியம் செல்கள். ஒரு செல்லின் சராசரி மின்னழுத்தம் 3.6 வோல்ட், ஐந்துக்கு 18. சார்ஜ் முழுதாக ஏறிய நிலையில் அதே செல் 4 வோல்ட்டைச் சற்றுத் தாண்டி நிற்கும், ஐந்துக்கு 20. ஒரே பொருளுக்கு இரண்டு பெயர். ஒப்பிட வேண்டியது வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கி வரும் வாட்-மணியைத்தான்: 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி என்றால் 90 வாட்-மணி. டிரில்லுக்கும் திருகு முடுக்கிக்கும் அது தாராளம். சர்குலர் சா, சாண்டர் போன்று இடைவிடாமல் ஓடுபவற்றுக்கும், வேக்குவத்துக்கும், பட்டறையில் பிளக் அருகிலேயே இருக்கும்போது வயர் உள்ளதையே வாங்குங்கள். சாண்டரில் வேக்குவக் குழாய் எப்படியும் தொங்கப்போகிறது. வயர் இல்லாததால் அங்கே கிடைக்கும் சுதந்திரம் ஒன்றுமில்லை. ஒரு நிறுவனத்தின் பேட்டரி இன்னொன்றின் கருவியில் பெரும்பாலும் பொருந்தாது என்பதால், முதல் டிரில்லைத் தேர்ந்தெடுக்கும்போதே அந்த வரிசையில் மற்ற கருவிகள் என்னென்ன இருக்கின்றன என்று பார்த்துவிடுவது உத்தமம்.

கேள்வி: தினமும் வேலை முடிந்ததும் பட்டறையைத் துடைப்பத்தால் சுத்தமாகக் கூட்டிவிடுகிறேன். தரையில் ஒரு பொட்டுத் தூள் இருக்காது. ஆனாலும் இரவில் இருமல் வருகிறது. கைக்குட்டையில் மூக்குச்சளி பழுப்பாக இருக்கிறது. மரத்தூள் இயற்கைப் பொருள்தானே, அவ்வளவு கெடுதலா?

பதில்: தரையில் கிடக்கும் தூள் உங்கள் நுரையீரலை ஒன்றும் செய்யப்போவதில்லை. காற்றில் மிதப்பதுதான் செய்கிறது. துடைப்பம் போடும்போது முதல் வகையில் ஒரு பங்கை நீங்களே இரண்டாம் வகையாக மாற்றி, அதற்கு நடுவில் நின்று மூச்சு விடுகிறீர்கள்.

தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ரம்பம் தள்ளும் தூளில் பெரும்பகுதி இதைவிடப் பெரியது; அது எறியப்பட்ட இடத்தில் விழுந்துவிடும், மூக்கில் ஏறினாலும் அங்கேயே தங்கித் தும்மலில் வெளியேறும். சிக்கல் 10 மைக்ரானுக்குக் கீழே தொடங்குகிறது. இந்த அளவுத் துகளைக் கண்ணால் தனியே பார்க்க முடியாது. 5 மைக்ரானுக்கும் சிறியவை மூக்கு, தொண்டை ஆகிய காவல்களைத் தாண்டி நுரையீரலின் காற்றுப்பைகள்வரை இறங்கிவிடுகின்றன. அசைவில்லாத காற்றில் 10 மைக்ரான் துகள் ஆள் உயரத்திலிருந்து தரையிறங்கப் பத்து நிமிடம் போலப் பிடிக்கும். 1 மைக்ரான் துகளுக்குப் பல மணி நேரம் ஆகும். மாலையில் சாண்டரை நிறுத்திவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எதையோ எடுக்கப் பட்டறைக்குள் போகிறீர்கள் என்றால், மாலையில் தேய்த்த மரத்தைத்தான் சுவாசித்துவிட்டு வருகிறீர்கள்.

இயற்கைப் பொருள் என்பது இங்கே பாதுகாப்பு ஆகாது. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, 1995ஆம் ஆண்டு வெளியிட்ட தன் 62ஆம் ஆய்வுத் தொகுதியில், மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. மூக்கின் உட்பகுதியிலும் அதை ஒட்டிய எலும்புக் குழிகளிலும் வரும், பொதுவாக மிக அரிதான ஒரு புற்றுநோய், ஓக், பீச் போன்ற கடின மரங்களில் ஆண்டுக்கணக்கில் வேலை செய்த தச்சர்களிடமும் மேசை நாற்காலித் தொழிலாளர்களிடமும் அசாதாரணமாக மிகுந்து காணப்பட்டதே அதற்கு முக்கியக் காரணம். வார இறுதியில் மட்டும் வேலை செய்பவருக்கு அந்த அளவு ஆபத்து உண்டென்று நான் சொல்லமாட்டேன். அவரைத் தொந்தரவு செய்ய அதிக வாய்ப்புள்ளவை நீங்கள் எழுதியிருப்பது போன்றவையே: இருமல், மூக்கடைப்பு, கண்ணெரிச்சல், ஆஸ்துமா. ஏற்கெனவே இருமல் இருப்பதால் மருத்துவரிடம் காட்டுங்கள். எந்த மரத்தில், எவ்வளவு நேரம் வேலை செய்கிறீர்கள் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

எவ்வளவு தூசி என்றால் அதிகம்? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஜனவரியிலிருந்து கடின மரத்தூசிக்கு வேலைநேரச் சராசரி வரம்பு, ஒரு கன மீட்டர் காற்றில் 2 மில்லிகிராம். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் பரிந்துரைப்பது 1 மில்லிகிராம். பத்துக்குப் பன்னிரண்டு அடி, ஒன்பதடி உயரம் உள்ள ஓர் அறையின் கொள்ளளவு ஏறத்தாழ 30 கன மீட்டர். அப்படியானால் அந்த அறை முழுவதிலும் 30 மில்லிகிராம் நுண்தூசி மிதந்தாலே 1 மில்லிகிராம் கணக்கை எட்டிவிடும். முப்பது மில்லிகிராம் என்பது ஏறத்தாழ ஓர் அரிசி மணியின் எடை. உங்கள் தரையில் நீங்கள் கூட்டி அள்ளுவது முறம் முறமாக இருக்கும். கெடுதல் செய்வது அந்த ஓர் அரிசி.

இதைக் கண்ணாலேயே பார்க்க ஒரு வழி இருக்கிறது. வேலை முடிந்து கால் மணி நேரம் கழித்து விளக்குகளை அணைத்து, ஒளிக்கற்றை குறுகலான டார்ச் ஒன்றை அறையின் குறுக்கே அடியுங்கள். கற்றை வெண்மையாகத் தெரிந்தால், துகள்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு மிதப்பது தெரிந்தால், உங்கள் பட்டறை சுத்தமாக இல்லை, தரை எப்படி இருந்தாலும். துடைப்பத்துக்குப் பதிலாக வேக்குவத்தால் உறிஞ்சுங்கள். அலமாரித் தட்டுகளையும் விளக்கின் மேற்பரப்பையும் ஈரத்துணியால் துடையுங்கள். மூடிய அறையில் காற்றுக் குழாயைப் பிடித்து ஊதிச் சுத்தம் செய்வதை அடியோடு விட்டுவிடுங்கள்.

கேள்வி: வேக்குவமே போதுமா, அல்லது டஸ்ட் கலெக்டர் தனியாக வாங்க வேண்டுமா? இரண்டும் உறிஞ்சத்தானே செய்கின்றன?

பதில்: உறிஞ்சுகின்றன, ஆனால் வெவ்வேறு விதமாக. வேக்குவம் குறைந்த காற்றைப் பலமாக இழுக்கும். டஸ்ட் கலெக்டர் நிறையக் காற்றை மெதுவான இழுவிசையோடு நகர்த்தும். நீர்மட்டக் கணக்கில் சொன்னால், நல்ல வேக்குவம் தண்ணீரை 60 அங்குலத்துக்கு மேல் தூக்கும் அளவுக்கு இழுக்கும். சிறிய டஸ்ட் கலெக்டர் 10 அங்குலத்தை ஒட்டித்தான் நிற்கும். காற்றின் அளவில் நிலைமை தலைகீழ்: பட்டறை வேக்குவம் நிமிடத்துக்கு 100 முதல் 150 கன அடி, டஸ்ட் கலெக்டர் அதைப்போல் பல மடங்கு.

இதிலிருந்து பயன்பாடு தானாகவே பிரிந்துவிடும். சாண்டர், ரவுட்டர், ஜிக்ஸா, சர்குலர் சா ஆகியவற்றின் தூசி வாய் ஒன்றரை அங்குலம் அளவிலானது. அந்தச் சிறு துளை வழியே காற்றை இழுக்க வேக்குவத்தின் பலம் வேண்டும். டஸ்ட் கலெக்டரின் நாலங்குலக் குழாயைக் குறுக்கிக் குறுக்கிச் சாண்டரில் மாட்டினால் அது மூச்சுத் திணறிப்போகும். மாறாக, டேபிள் சா, பேண்ட் சா (பட்டை ரம்பம்), பலகையின் கனத்தைச் சமப்படுத்தும் பிளேனர் ஆகியவை அகலமான பரப்பில் தூளை வாரி இறைப்பவை. அங்கே வேக்குவம் எவ்வளவு பலமாக இழுத்தாலும் எட்டாது.

குழாய்க் கணக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். மரச்சீவல் குழாயில் தங்கிவிடாமல் ஓட, காற்று நிமிடத்துக்கு ஏறத்தாழ 4,000 அடி வேகத்தில் போக வேண்டும் என்பது தொழிலில் வழங்கும் கணக்கு. நாலங்குலக் குழாயின் குறுக்குவெட்டுப் பரப்பு 0.087 சதுர அடி. ஆகவே அதில் நிமிடத்துக்கு 350 கன அடி காற்று ஓட வேண்டும். ஆறங்குலக் குழாய்க்கு அதுவே 785 கன அடி. சிறிய டஸ்ட் கலெக்டரை வாங்கி, பெரிதாக இருந்தால் நல்லது என்று ஆறங்குலக் குழாயை நீளமாக இழுத்தால், உள்ளே காற்றின் வேகம் குறைந்து சீவல் குழாயிலேயே படிந்துவிடும். இரண்டரை அங்குலக் குழாயைப் போட்டாலோ, பரப்பு நாலங்குலத்தில் ஐந்தில் இரண்டு பங்குதான். காற்றுக்குப் போக வழியில்லை. பெட்டியில் அச்சிட்டிருக்கும் கன அடி எண்ணும் குழாயோ வடிகட்டியோ இல்லாமல் அளந்ததாக இருக்கலாம்; நடைமுறையில் பாதி கிடைத்தாலே நிறைவடையுங்கள். உள்பக்கம் மடிப்பு மடிப்பாக இருக்கும் வளையும் குழாய் காற்றை மிகவும் தடுக்கும். கடைசி மூன்று நான்கு அடிக்கு மட்டும் அதைப் பயன்படுத்தி, மீதிக்கு உட்புறம் வழவழப்பான குழாயைப் போடுங்கள். உங்கள் அறையளவுக்கு என்னைக் கேட்டால், குழாய் வலையே வேண்டாம்: டஸ்ட் கலெக்டரைச் சக்கரத்தில் வைத்து, ஓடும் இயந்திரத்தருகே தள்ளிக்கொண்டு போய் ஆறடிக் குழாயில் மாட்டுங்கள்.

அதைவிட முக்கியம் வடிகட்டி. பழைய பாணித் துணிப்பை 30 மைக்ரான் துகளைத்தான் பிடிக்கும். அதனினும் நுண்ணியதை அது ஒரு மூலையிலிருந்து எடுத்து அறை முழுக்கச் சீராகத் தூவும். வாங்காமலிருந்தால் தூசி மேசையருகிலாவது நின்றிருக்கும். 1 மைக்ரான் அல்லது அதற்கும் கீழ் என்று குறிப்பிட்ட மடிப்பு வடிகட்டி உள்ளதாகப் பாருங்கள். வேக்குவத்தில் ஹெப்பா வடிகட்டி என்றால், பிடிப்பதற்கு மிகக் கடினமான 0.3 மைக்ரான் அளவிலும் 99.97 விழுக்காட்டைப் பிடிக்க வேண்டும் என்பது அமெரிக்க வரையறை. ஐரோப்பிய வகைப்பாட்டில் எல், எம், எச் என்று மூன்று வகுப்புகள் உண்டு. முதலாவது நூற்றுக்கு ஒரு பங்கு தூசிவரை நழுவவிடலாம், எம் வகுப்பு ஆயிரத்துக்கு ஒன்றுதான் விடலாம். மரத்தூசிக்கு உரியது எம்.

சைக்ளோன் வாளியைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். வேக்குவத்துக்கும் கருவிக்கும் நடுவில் அதை வைத்தால், சுழலும் காற்றிலிருந்து கனமான தூள் ஓரத்தில் மோதி வாளிக்குள் விழுந்துவிடும். வடிகட்டிவரை போவது மிச்சமுள்ள நுண்தூசி மட்டுமே. அது இல்லாமல் எம்.டி.எஃப் (மரநாரைப் பிசினோடு அழுத்திச் செய்த) பலகையை அரை மணி நேரம் தேய்த்துவிட்டு வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள்: மடிப்புகளுக்கிடையே மாவு அப்பிக் கெட்டிப்பட்டு, விரலால் சுரண்டினால் வில்லையாகப் பெயர்ந்து வரும். வேக்குவம் வழக்கத்தைவிடக் கீச்சென்று ஓடுவதும் அதனால்தான். சைக்ளோன் நுண்தூசியைப் பிடிப்பதில்லை. வடிகட்டியை மூச்சுவிட வைக்கிறது. அந்த உதவிக்கே அது வாங்கத் தக்கது.

கேள்வி: பழைய டேபிள் சா ஒன்று குறைந்த விலைக்கு வருகிறது. மோட்டார் நன்றாக ஓடுகிறது. ஆனால் பிளேடு மேல் இருக்கும் மூடி காணாமல் போயிருக்கிறது, பிளேடுக்குப் பின்னால் தகடு எதுவும் இல்லை. வாங்கலாமா?

பதில்: அந்தத் தகட்டைப் பொருத்த வழியில்லையென்றால் வாங்காதீர்கள். பத்தங்குல பிளேடு நிமிடத்துக்கு 4,000 சுற்று ஓடும்போது அதன் விளிம்பு நொடிக்கு 53 மீட்டர், அதாவது மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. முன்பக்கப் பற்கள் கீழ்நோக்கி இறங்கி மரத்தை மேசைமேல் அழுத்தும். பின்பக்கப் பற்கள் மேல்நோக்கி எழும். அறுபட்ட மரம் உள்ளிருந்த இறுக்கம் தளர்ந்து வாயை மூடிக்கொண்டாலோ, ஓரச்சட்டத்துக்கும் பிளேடுக்கும் நடுவில் கோணினாலோ, பின்பற்கள் அதைத் தூக்கி உங்கள் வயிற்றை நோக்கி எறியும். அது நடக்கும்போது மரத்தைத் தள்ளிக்கொண்டிருந்த கை பிளேடை நோக்கி இழுபடலாம் என்பதுதான் இன்னும் மோசம். ரைவிங் நைஃப் எனப்படும் அந்தத் தகடு பிளேடோடு சேர்ந்தே ஏறி இறங்கி, வெட்டிய வாய் மூடாமலும் மரம் பின்பற்களில் ஏறாமலும் தடுக்கிறது. விரல் பட்டதை உணர்ந்து ஆயிரத்தில் ஐந்து நொடிக்குள் பிளேடை நிறுத்தும் இயந்திரங்களும் 2000ஆம் ஆண்டுகளிலிருந்து கடைகளில் கிடைக்கின்றன. அவையும் மரம் எகிறுவதைத் தடுப்பதில்லை, அதற்கு இந்தத் தகடுதான் வேண்டும்.

மூடி இல்லாததைத் தூசிக் கண்ணோடும் பாருங்கள். டேபிள் சாவின் அடிப்பெட்டியில் எவ்வளவு நன்றாக உறிஞ்சினாலும், பல்லிடுக்கில் தங்கிய தூள் மேலே சுற்றி வந்து நேரே உங்கள் முகத்தில் அடிக்கும். மூடியில் குழாய் மாட்டி மேலிருந்தும் இழுத்தால்தான் அது அடங்கும்.

கேள்வி: எந்த முகக்கவசம்? அறுவை சிகிச்சைக்குப் பயன்படும் நீலக் கவசம் பெட்டி பெட்டியாக வீட்டில் இருக்கிறது.

பதில்: அது உதவாது, ஓரங்களில் இடைவெளி விட்டே தைக்கப்பட்டது. என்-95 (0.3 மைக்ரானில் 95 விழுக்காட்டைப் பிடிப்பது), எஃப்.எஃப்.பி. 2 (94 விழுக்காடு), எஃப்.எஃப்.பி. 3 (99 விழுக்காடு) ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வாரந்தோறும் வேலை செய்பவராக இருந்தால், வடிகட்டியை மாற்றிக்கொள்ளும் ரப்பர் அரைமுகக் கவசம் நீண்ட நாளில் வசதியானது. உள்ளங்கையால் வடிகட்டிகளை மூடி மூச்சை இழுங்கள். கவசம் முகத்தோடு ஒட்டி உள்வாங்க வேண்டும். தாடி இருந்தால் எந்தக் கவசமும் ஒட்டாது. தாடியை எடுக்க மனமில்லாதவர்கள் விசிறியால் காற்றை வடிகட்டி உள்ளே செலுத்தும் தலைக்கவசத்தைப் பார்க்க வேண்டும். கவசத்தைச் சாண்டரை நிறுத்தியதும் கழற்றிவிடாதீர்கள். மேலே சொன்ன டார்ச் சோதனை ஏன் என்று காட்டும்.

கேள்வி: கூரையில் மாட்டும் காற்று வடிகட்டிப் பெட்டி ஒன்று இருந்தால் மற்ற எதுவும் வேண்டாம் என்று விளம்பரம் பார்த்தேன்.

பதில்: வேண்டும். அந்தப் பெட்டிக்குத் தூசி போய்ச் சேரும் வழியில் உங்கள் மூக்கு இருக்கிறது. பிறந்த இடத்தில் பிடிபடாமல் தப்பியதைப் பிறகு பொறுக்க அது பயன்படும், அவ்வளவுதான். 1,080 கன அடி அறையின் காற்றை மணிக்கு எட்டு முறை வடிகட்ட நிமிடத்துக்கு 144 கன அடி போதும். வேலை முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் ஓடட்டும். இதையெல்லாம்விட மலிவானது, எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து ஒன்றில் வெளிநோக்கி மின்விசிறி வைப்பது.

கேள்வி: தேக்கில் வேலை செய்தால் கையில் அரிப்பு வருகிறது. எனக்கு மட்டும்தானா?

பதில்: உங்களுக்கு மட்டும் இல்லை. தேக்கிலும் ஈட்டியிலும் இயல்பாகவே உள்ள சில வேதிப்பொருள்கள் தோல் ஒவ்வாமைக்குப் பேர்போனவை. மேற்கத்திய செஞ்சிடார் மரத்தில் உள்ள பிளிகாட்டிக் அமிலம் ஆஸ்துமாவையே உண்டாக்கும். இந்த ஒவ்வாமை பழகப் பழகக் குறைவதில்லை. உடல் ஒருமுறை அடையாளம் கண்டுகொண்டால் அடுத்தடுத்த முறை இன்னும் கொஞ்சத்துக்கே சீறும். முழுக்கைச் சட்டை போடுங்கள், வேலை முடிந்ததும் முன்கையையும் கழுத்தையும் கழுவுங்கள், ஓடும் இயந்திரத்தருகே கையுறை மட்டும் வேண்டாம், பிளேடு அதைப் பிடித்து இழுத்துவிடும். அரிப்பு நிற்கவில்லையென்றால் அந்த மரத்தையே விட்டுவிடுங்கள். வேறு மரமா இல்லை?

கேள்வி: தூசி இழுக்கப் பி.வி.சி. குழாய் போட்டால் நிலைமின்சாரம் உண்டாகிப் பட்டறை வெடிக்கும் என்கிறார்களே?

பதில்: மரத்தூசி வெடிக்கக்கூடியதுதான், தொழிற்சாலைகளில் அப்படி வெடித்து உயிர்ச்சேதம் நேர்ந்ததுண்டு. ஆனால் அதற்குக் காற்றின் ஒவ்வொரு கன மீட்டரிலும் பல பத்துக் கிராம் தூசி மேகமாக நிறைய வேண்டும். சுவாச வரம்பை மில்லிகிராமில் பேசினோம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நாலங்குலக் குழாயும் ஒற்றை இயந்திரமும் உள்ள வீட்டுப் பட்டறையில் அந்த நிலை வருவது கடினம். குழாயைத் தொட்டால் சுரீரென்று அடிக்கும், அது உண்மை. வெறும் செம்புக்கம்பியை வெளியே சுற்றித் தரையிணைப்புக் கொடுத்தால் அதுவும் குறையும்.

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. பழைய மரத்தை அறுக்கும்போது ஆணியில் பிளேடு பட்டுத் தெறிக்கும் பொறி, டஸ்ட் கலெக்டர் பைக்குள் போய்த் தூளுக்கடியில் மணிக்கணக்கில் புகைந்துகொண்டே கிடக்கும்; நீங்கள் தூங்கப்போன பிறகு எரியும். அதே வேக்குவத்தால் இரும்பைத் தேய்க்கும் கிரைண்டரின் தூளை உறிஞ்சுவதும் அதே ஆபத்து. ஆளிவிதை எண்ணெய் பூசிய துணியைக் கசக்கி மூலையில் போட்டால், எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது உண்டாகும் சூடு வெளியேற வழியின்றி, நெருப்பே வைக்காமல் துணி தானாகத் தீப்பிடிக்கும். மரத்தூள் குவியலுக்கருகே அது நடந்தால் சொல்ல வேண்டியதில்லை. துணியை வெளியில் ஒற்றை மடிப்பாக விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிரம்பிய மூடியுள்ள தகர டப்பாவில் அமுக்கி வையுங்கள்.

கேள்வி: சேரும் மரத்தூளைத் தோட்டத்துக்குப் போடலாமா?

பதில்: முழுமரத்தின் தூள் என்றால், சாணமோ பச்சை இலைதழையோ கலந்து மக்கவைத்துப் போடலாம், அப்படியே மண்ணில் கலந்தால் அது மக்குவதற்காகச் செடிக்குரிய நைட்ரஜனை எடுத்துக்கொள்ளும். கருப்பு வால்நட் மரத்தூள் தக்காளி போன்ற செடிகளை வாட்டும். குதிரைக் கொட்டகையில் அதைப் பரப்பவும் கூடாது. பிளைவுட், எம்.டி.எஃப், பெயின்ட் அடித்த பழைய மரம், பூச்சி அரிக்காமல் மருந்தேற்றிய மரம் ஆகியவற்றின் தூளைத் தோட்டத்திலும் போடாதீர்கள், அடுப்பிலும் எரிக்காதீர்கள், எம்.டி.எஃப்பைக் கட்டும் பிசினில் உள்ள ஃபார்மால்டிஹைடும் மேலே சொன்ன புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் முதல் பிரிவில் இருப்பதுதான். பையில் கட்டி, தூக்கும்போது தூசி கிளம்பாதிருக்க லேசாகத் தண்ணீர் தெளித்து, குப்பை வண்டியில் கொடுத்துவிடுங்கள். பையை வாயைத் திருகிக் கட்டும்போதும் முகக்கவசம் இருக்கட்டும்.